சிறு ஓய்வூதியமும் தாய்லாந்து விசாவும்: சியாங் மாயிலிருந்து ஒரு மதிப்பீடு

ஐம்பது வயதைக் கடந்த வெளிநாட்டவருக்குத் தாய்லாந்து அரசு வழங்கும் ஓராண்டு ஓய்வுகாலத் தங்கல் அனுமதியை, காசு கொடுத்து வாங்கும் எந்தச் சேவையையும் மதிப்பிடுவது போலவே மதிப்பிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். இதை யாரை மனத்தில் வைத்து எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரித்தானியாவில் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து, அரச ஓய்வூதியத்தையும் ஓரளவு சேமிப்பையும் தவிர வேறொன்றும் இல்லாமல், இலண்டன் வாடகையைக் கொடுத்துக்கொண்டு முதுமையைக் கழிக்க முடியாது என்று கணக்குப் பார்த்திருக்கும் நம்மவர்களுக்காகவே எழுதுகிறேன். வீடு விற்ற பணம் கையில் உள்ளவர்களுக்கு இந்த மதிப்பீடு அதிகம் பயன்படாது. விசா என்ற சேவைக்கு மட்டும் புள்ளி கேட்டால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த விசாவை நம்பிச் சிறு வருமானத்தில் அமைத்துக்கொள்ளும் வாழ்க்கைக்கு இரண்டரைக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

விதிகள் பெரிதும் சிக்கலானவை அல்ல. 'ஓ' வகை விசாவில் தொண்ணூறு நாள் தங்க அனுமதி பெற்று, அந்தக் காலம் முடிவதற்குள் உள்ளூர்க் குடிவரவு அலுவலகத்தில் ஓராண்டு நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். நீட்டிப்புக் கட்டணம் 1,900 பாத். உங்கள் பெயரில் தாய்லாந்து வங்கியொன்றில் 8 இலட்சம் பாத் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் வர வேண்டும், அல்லது ஆண்டு வருமானமும் வைப்புத் தொகையும் சேர்ந்து 8 இலட்சத்தைத் தொட வேண்டும். வைப்புத் தொகை விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே கணக்கில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பின்னர் மூன்று மாதம் அசையக் கூடாது. அதன் பிறகும் ஆண்டின் எந்த நாளிலும் 4 இலட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. பிரித்தானியாவிலுள்ள தாய்லாந்துத் தூதரகம் மூலம் பெறும் 'ஓ-ஏ' வகையும் உண்டு. ஆனால் அதற்குப் பொலிஸ் சான்றிதழ், வைத்தியச் சான்றிதழ் ஆகியவற்றுடன் 30 இலட்சம் பாத் வரை ஈடு தரும் மருத்துவக் காப்புறுதியும் கட்டாயம் என்பதால், கையில் குறைவாக உள்ளவர்கள் பெரும்பாலும் 'ஓ' வகையையே தேர்ந்தெடுக்கிறார்கள். காப்புறுதி கேட்கப்படாததே அதன் கவர்ச்சி. பின்னால் சொல்லப்போகும் ஆபத்தும் அதிலேயேதான் இருக்கிறது.

இப்போது நம் ஓய்வூதியத்தை இந்த விதிகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2025–26 நிதியாண்டில் பிரித்தானியாவின் முழுமையான புதிய அரச ஓய்வூதியம் வாரத்துக்கு 230.25 பவுண். ஒரு பவுணுக்கு 43 பாத் என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு ஏறத்தாழ 43,000 பாத் வரும். அதாவது, முப்பத்தைந்து ஆண்டுகள் தேசியக் காப்புறுதிப் பங்களிப்பு முழுவதையும் செலுத்தியவருக்குக்கூட, அரச ஓய்வூதியம் மட்டுமே என்றால், 65,000 என்ற வரம்பு எட்டாது. கணவனும் மனைவியும் தனித்தனியே முழு ஓய்வூதியம் பெற்றாலும், விண்ணப்பதாரர் தம் சொந்த வருமானத்தையே காட்ட வேண்டியிருப்பதால், இருவர் தொகையையும் கூட்டிக் காட்டுவது உதவாது. முன்பெல்லாம் தூதரகத்தில் வருமான உறுதிக் கடிதமொன்றை வாங்கிக் கொடுத்தால் போதுமாக இருந்தது. 2018ஆம் ஆண்டின் முடிவோடு பிரித்தானியத் தூதரகம் அக்கடிதம் வழங்குவதை நிறுத்திவிட்டது. ஆகவே நம்மைப் போன்றவர்களுக்குச் சிக்கல் குறைந்த வழி, 18,600 பவுண் அளவிலான அந்த 8 இலட்சத்தைக் கொண்டுவந்து வங்கியில் போட்டு வைப்பதுதான். தாய்லாந்தில் வைப்புத் தொகைக் காப்பு ஒரு வங்கியில் ஒருவருக்கு 10 இலட்சம் பாத் வரை இருப்பதால், வங்கி மூழ்கினால் பணம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. வட்டி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடைக்காது.

சேவையின் தரத்தைப் பற்றிச் சொல்வதென்றால், நாங்கள் வாழும் வடதாய்லாந்து நகரமான சியாங் மாயில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள குடிவரவு அலுவலகத்தில் நான் கண்ட ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளன்று காலையில் முதலில் வங்கிக்குப் போய், கணக்கில் இவ்வளவு பணம் இருக்கிறது என்ற கடிதத்தை வாங்க வேண்டும். அதோடு நூறு பாத்தை எடுத்தோ போட்டோ வங்கிப் புத்தகத்தில் அன்றைய தேதியில் ஒரு வரி பதியச் செய்ய வேண்டும். அந்த வரி இல்லாமல் வருபவர்களை அலுவலர் கடிந்துகொள்ளாமல், சிரித்துக்கொண்டே வங்கிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். நீட்டிப்பு விண்ணப்பமான டி.எம். 7 படிவம், நாலுக்கு ஆறு சென்ரிமீற்றர் புகைப்படம், கடவுச்சீட்டின் பக்கங்கள், வங்கிப் புத்தகத்தின் பக்கங்கள், வீட்டு வாடகை ஒப்பந்தம், வீட்டுக்குப் போகும் வழியைக் காட்டும் வரைபடம் என்று ஒரு கட்டு சேரும். ஒவ்வொரு பிரதியின் அடியிலும் நீல மையில் கையெழுத்து வேண்டும்; கறுப்பு மையில் போட்டால் அது மூலப் பத்திரமா பிரதியா என்ற கேள்வி எழும். என் மனைவி தன் கட்டை முழுவதும் கறுப்பில் ஒப்பமிட்டுக் கொண்டுவந்தபோது, மேசைக்கு அப்பால் இருந்த இளம் பெண் தன் பேனாவையே நீட்டி, பக்கம் பக்கமாகப் புரட்டிக் கொடுத்து மறுபடி ஒப்பமிட வைத்தாள். இதே வேலைக்கு மேற்கு நாடுகளில் எங்களைத் திருப்பி அனுப்பி, இன்னொரு நாளுக்கு நேரம் வாங்கி வரச் சொல்லியிருப்பார்கள்.

அனுமதி கிடைத்த பின்னும் சில கடமைகள் தொடரும். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை முகவரியை அறிவிக்க வேண்டும். கட்டணமில்லை, இணையத்திலும் செய்யலாம், தவறினால் 2,000 பாத் அபராதம். நீங்கள் வந்து தங்கியிருப்பதை வீட்டு உரிமையாளர் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் குடிவரவுக்கு அறிவிக்க வேண்டும். அதை அவர் செய்திருக்காவிட்டால், நீட்டிப்பு நாளில் வரிசையில் நின்று அல்லற்படுவது நீங்கள்தான். ஊருக்குப் போய்வர நினைத்தால், புறப்படும் முன் மீள்நுழைவு அனுமதி வாங்க வேண்டும். ஒரு தடவைக்கு 1,000 பாத், பல தடவைக்கு 3,800 பாத். இலண்டனில் ஒரு மரண வீட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் இதை மறந்தவருக்கு ஓராண்டு அனுமதி அந்தக் கணமே இரத்தாகிவிடும். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேலை செய்ய அனுமதி கிடையாது. நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடி வீடு வேண்டுமானால் கட்டடத்தின் 49 விழுக்காட்டுக்குள் வாங்கலாம், ஆனால் இந்தக் கட்டுரையின் வாசகர் வீடு வாங்க வருபவர் அல்லர்.

இதற்கெல்லாம் பதிலாகக் கிடைப்பது சிறியதன்று. நகரின் மையத்தை விட்டுச் சற்று விலகினால், மாதம் பத்தாயிரம் பாத்துக்குத் துப்புரவான ஓரறை வீடு கிடைக்கிறது. காவ் சோய் என்ற நூடில்ஸ் குழம்பு ஒரு கிண்ணம் ஐம்பது, அறுபது பாத். வெளியே சாப்பிடுவது செலவு என்ற எண்ணமே இங்கே மெல்ல மறைந்துவிடும். வரோரொட் சந்தையில் முருங்கைக்காய் கட்டுக்கட்டாகக் கிடக்கும், வாழைப்பூ கிடைக்கும், பலாக்காய் கிடைக்கும், புளியும் தேங்காயும் சொல்லவே வேண்டாம். வடதாய்லாந்துக்காரர்களும் முருங்கைக்காயைக் குழம்பில் போட்டுத்தான் உண்கிறார்கள் என்பதால், அதை எப்படிச் சீவ வேண்டும் என்று விற்பவளே கையால் காட்டித் தருவாள். இலண்டனில் பனிக்காலம் முழுவதும் மூட்டுவலியோடு வெப்பக் கட்டணத்தை எண்ணிக்கொண்டிருந்தவருக்கு, டிசம்பர் காலையில் மெல்லிய மேலங்கியோடு நடந்துபோய்த் தேநீர் குடிக்க முடிவது என்ன பெறுமதி என்பதைப் பாத் கணக்கில் சொல்ல முடியாது. கோயில் வேண்டுமென்பவர்கள் இரவு ரயிலில் பாங்கொக் போய், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் சீலோம் வீதியில் எழுப்பிய மாரியம்மன் கோயிலைக் கும்பிட்டு வரலாம். நோயில்லாத இருவருக்கு மாதம் 43,000 பாத் இங்கே தாராளமாகவே போதும்.

ஆனால் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையான காலத்தைப் பற்றி வாடகை விளம்பரங்கள் எதுவும் சொல்வதில்லை. சுற்றியுள்ள மலைகளிலும் எல்லைக்கு அப்பால் மியான்மாரிலும் லாவோசிலும் காடும் வயலும் எரிக்கப்படும் புகை, மலைகளால் சூழப்பட்ட இந்தப் பள்ளத்தாக்கில் வந்து தங்கிவிடுகிறது. 2023 மார்ச்சில், உலகில் காற்று மிகவும் மாசடைந்த நகரங்களின் பட்டியலில் சியாங் மாய் பல நாள்கள் முதலிடத்தில் இருந்தது. மலையே கண்ணுக்குத் தெரியாது. துணி காயவைத்தால் புகை மணக்கும். நெஞ்சு நோயுள்ளவர்களுக்கு இது வெறும் அசௌகரியம் அன்று. சன்னலைச் சாத்தி, குளிரூட்டியையும் காற்றுச் சுத்திகரிப்பானையும் இரவு பகலாக ஓடவிட வேண்டும். அடுக்குமாடி உரிமையாளர்கள் பலர் மின்சாரத்துக்கு அரச விலையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு அறவிடுவதால், அந்த மாதங்களின் மின்கட்டணம் வாடகையில் பாதியைத் தொடும். வசதியுள்ளவர்கள் அந்த மூன்று மாதமும் தெற்கே கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு வாடகை கொடுக்க முடியாதவர்கள் இங்கேயே இருந்து சுவாசிக்கிறார்கள்.

இனி ஓய்வூதியத்துக்கு வருகிறேன். பிரித்தானிய அரச ஓய்வூதியம் தாய்லாந்தில் வாழ்பவர்களுக்கு உறைந்துவிடும். நாட்டை விட்டுப் போகும் நாளில், அல்லது வெளிநாட்டில் இருந்தபடி முதன்முதலாகக் கோரும் நாளில், எந்தத் தொகை கிடைத்ததோ, அதே தொகைதான் சாகும் வரை. 2010ஆம் ஆண்டில், பழைய முறையிலான முழு அடிப்படை ஓய்வூதியத்தோடு இங்கே வந்து குடியேறிய ஒருவருக்கு அப்போது வாரத்துக்கு 97.65 பவுண்; 2025–26இல், பிரித்தானியாவிலேயே இருந்துவிட்ட அவருடைய நண்பருக்கு 176.45 பவுண் கிடைக்கும்போதும் இவருக்கு அதே 97.65தான். விலைவாசி, சராசரிச் சம்பளம், இரண்டரை விழுக்காடு ஆகிய மூன்றில் எது கூடியதோ அந்த அளவு ஆண்டுதோறும் உயர்த்துவோம் என்று 2011 முதல், 2022இல் தவிர, அரசு காத்துவரும் வாக்குறுதி, உறைந்த நாடுகளில் வாழ்பவர்களைத் தொடுவதில்லை. பணவீக்கம் மட்டுமல்ல, நாணய மாற்றும் அவர்களைத் தின்றிருக்கிறது. 2007இல் ஒரு பவுணுக்கு அறுபது பாத்துக்கு மேல் கிடைத்தது. இந்த வேறுபாட்டை எதிர்த்து ஒரு வழக்கு, அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரித்தானியப் பிரபுக்கள் சபை வரையும், பின்னர் ஸ்திராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரையும் போய், 2010இல் தோற்றது. ஆகவே சட்டத்தின் வழியாக விடிவு வரும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

இது தாய்லாந்தின் குற்றமன்று. பிரித்தானியாவுக்கும் தாய்லாந்துக்கும் இடையே ஓய்வூதிய உயர்வை உள்ளடக்கிய ஒப்பந்தம் இல்லை என்பதே காரணம். இந்தியாவிலும் இலங்கையிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இதே நிலைதான். பிலிப்பைன்ஸ், மொரீசியஸ், துருக்கி ஆகிய நாடுகளில் உயர்வு கிடைக்கும். அறுபத்தாறு வயதில் வருபவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளில் இதன் வலி தெரியாது. எண்பதை எட்டும்போதுதான், வருமானம் வந்த நாளில் நின்ற இடத்திலேயே நிற்க, வைத்தியச் செலவு மட்டும் ஏறிக்கொண்டிருப்பது புலப்படும்.

இந்தச் சேவையைப் பற்றி நான் எழுத நினைத்ததன் மையமும் அதுதான். தாய்லாந்தில் வாழும் வெளிநாட்டு ஓய்வூதியருக்கு இலவச வைத்தியம் கிடையாது. பிரித்தானியாவை விட்டு நிரந்தரமாக வெளியேறியவருக்கு அங்கே என்.எச்.எஸ். எனப்படும் அரச சுகாதாரச் சேவையின் வைத்தியசாலைச் சிகிச்சையில் உரிமையும் கிடையாது. காப்புறுதி எடுக்கலாமே என்றால், எழுபதைத் தாண்டிய புது வாடிக்கையாளரைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஏற்பவையும் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று ஏற்கெனவே உள்ளவற்றை விலக்கிவிட்டு, வயதோடு சந்தாவையும் உயர்த்துகின்றன. நம்மவர்களில் நீரிழிவு இல்லாமல் அறுபதைத் தாண்டியவர் எத்தனை பேர்? ஆகவே சிறு வருமானக்காரர் பெரும்பாலோர் காப்புறுதி இல்லாமலே இருந்துவிட்டு, 'வங்கியில் 8 இலட்சம் இருக்கிறதே, ஒன்று வந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம்' என்று தேறுதல் சொல்லிக்கொள்கிறார்கள்.

அந்தப் பணம்தான் அவர்களுடைய விசா என்பதை இந்தத் தேறுதல் மறந்துவிடுகிறது. இடுப்பெலும்பு முறிந்து ஒரு தனியார் வைத்தியசாலையில் சேர்ந்தால், சத்திரசிகிச்சைக்கும் தங்கலுக்கும் சில இலட்சங்கள் போய்விடும். 8 இலட்சம் 4 இலட்சத்துக்குக் கீழே இறங்கிய அன்றே நீட்டிப்பின் நிபந்தனை முறிகிறது; அடுத்த விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே மீண்டும் 8 இலட்சமாக்கி வைக்க வேண்டும். படுக்கையில் கிடப்பவர், உறைந்த ஓய்வூதியத்திலிருந்து அதை எப்படி நிரப்புவார்? ஒரே பணத்தை விசாவுக்கு ஒரு தடவையும் நோய்க்கு ஒரு தடவையும் எண்ணிவிட்டு வருபவர்களே இங்கே கெட்டுப்போகிறார்கள். 8 இலட்சத்தை இல்லாத பணம் என்று கருதி, அதற்கு வெளியே இன்னும் அவ்வளவாவது தொகையை வைத்தியத்துக்கென்று தனியே வைத்திருக்க முடியாதவர், எவ்வளவு மலிவாக வாழ முடியும் என்ற கணக்கைப் போடவே தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. சியாங் மாய்ப் பல்கலைக்கழகத்தின் மகாராஜ் வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகள் தனியாரைவிட மிகக் குறைந்த செலவில், நல்ல வைத்தியர்களோடு இயங்குகின்றன. ஆனால் விடியற்காலையிலேயே வரிசையில் நின்று நாள் முழுவதும் காத்திருக்க வேண்டும், தாய் மொழி பேசும் ஒருவரைக் கூட்டிப்போக வேண்டும். மோட்டார்ச் சைக்கிள் ஓட்டாமல் இருப்பது இங்கே எந்தக் காப்புறுதியையும்விட மலிவானது.

8 இலட்சம் இல்லாதவர்களுக்கும் வழி காட்டுகிறோம் என்று சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கணக்கில் தற்காலிகமாகப் பணத்தைப் போட்டு, கடிதம் வாங்கி, முத்திரை குத்துவித்து, கட்டணத்தோடு பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். முத்திரை உண்மையானதாகவே இருக்கலாம். அதற்கு அடியிலுள்ள கணக்கு பொய்யானது. விசாரணை என்று ஒன்று வந்தால் முகவர் தொலைபேசியை எடுக்கமாட்டார், நாட்டை விட்டு வெளியேற வேண்டியவர் நீங்கள்தான். படிவம் நிரப்பித் தர, வரிசையில் நிற்க என்று உதவிக்கு ஆள் வைப்பதில் தவறில்லை.

வரியைப் பற்றிப் பலர் கலங்குகிறார்கள். சிறு ஓய்வூதியருக்கு அது பெரிய விடயமன்று. 2024 சனவரி 1 முதல், ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ தங்குபவர் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அது வரிக்கு உட்படும். 65 வயதானவருக்கு 190,000 பாத் விலக்கு, 60,000 பாத் தனிநபர் கழிவு, ஓய்வூதியத்தில் 100,000 பாத் வரை செலவுக் கழிவு, மிகுதியில் முதல் 150,000 பாத்துக்கு வரியில்லை என்று கூட்டினால் 5 இலட்சம் ஆகிறது. முழு அரச ஓய்வூதியம் ஆண்டுக்கு அதைச் சற்றே தாண்டும். தாண்டும் பகுதிக்கு ஐந்து விழுக்காடு. ஒரு நல்ல இரவு உணவின் செலவுதான் வரியாக வரும். ஆனாலும் கணக்குக் காட்டிவிடுவது நல்லது.

தம்பதிகள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. ஒருவர் 8 இலட்சத்தைக் காட்டி நீட்டிப்புப் பெற, மற்றவர் அவரைச் சார்ந்தவராகத் தனி வைப்பு இல்லாமலே தங்கலாம். முதலாமவர் இறந்துவிட்டால் இந்தச் சார்பும் அன்றே அறுகிறது. அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு முடக்கப்படும். தாய்லாந்து நீதிமன்றம் மரணச் சொத்துக்கு நிருவாகியை நியமிக்கும் வரை பணத்தைத் தொட முடியாது. கைம்பெண்ணோ மனைவியை இழந்தவரோ தம் பெயரில் தங்கவேண்டுமானால் புதிதாக 8 இலட்சம் வேண்டும். தாய் மொழியில் ஒரு உயிலை எழுதி வைப்பது வழக்கை எளிதாக்கும், ஆனால் தவிர்க்காது. எங்கள் வீட்டில் இருவரும் தனித்தனியே வைப்பு வைத்திருக்கிறோம். அது இயலாதென்றால், சார்ந்திருப்பவர் அடுத்து எங்கே போவார் என்பதை இருவரும் உயிரோடிருக்கும்போதே பேசிவிட வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கோ திருச்சிக்கோ போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்திய வம்சாவளியினருக்கு வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை கிடைக்குமானால், வைப்புத் தொகை எதுவுமில்லாமல் அங்கே வாழலாம். 55 வயதைத் தாண்டிய முன்னாள் இலங்கைக் குடிமக்கள் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஓய்வூதியம் அங்கும் உறையும் என்றாலும், விசாவுக்காகப் பணத்தை முடக்க வேண்டியதில்லை. நோய் வந்தால் அந்தப் பணம் கையில் இருக்கும். சிறு வருமானக்காரருக்கு இது பெரிய வித்தியாசம். உறவும் காணியும் வழக்கும் சேர்ந்தே வரும் என்பதற்காகத்தான் சிலர் தாய்லாந்தைத் தேர்கிறார்கள், அந்தச் சிலரில் நாங்களும் உண்டு.

திரும்பிப் போகும் வழியையும் சேவையின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும். பிரித்தானியாவில் மீண்டும் குடியிருக்கத் திரும்பினால், ஓய்வூதியம் உடனே அன்றைய முழு அளவுக்கு உயரும். உண்மையாகவே குடியிருக்க வந்ததைக் காட்டினால் என்.எச்.எஸ். சிகிச்சையும் கிடைக்கும். ஆனால் ஓய்வூதியர் உதவித்தொகையும் வீட்டு உதவியும், வழக்கமான வதிவிடம் அங்கே என்று அதிகாரிகள் ஏற்றுக்கொண்ட பிறகே வரும். அதுவரை வாடகைக்கும் முன்பணத்துக்கும் சொந்தப் பணம்தான். வெளிநாட்டு முகவரிக்கு மாறியவர்களின் கணக்குகளைச் சில பிரித்தானிய வங்கிகள் மூடிவிடுவதும் உண்டு. ஆகவே புறப்படுமுன் உங்கள் வங்கியிடம் இதை எழுத்தில் கேட்டுக்கொண்டு, விமானச் சீட்டுக்கும் ஆறு மாத வாடகைக்குமான பணத்தை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். எழுபத்தெட்டு வயதில், சக்கர நாற்காலியில் ஹீத்ரோவில் இறங்குபவருக்குப் பாத் கணக்கில் முடங்கியிருக்கும் 8 இலட்சம் அந்த வாரத்தில் உதவாது.